ஏட்டுக் கணக்கும் சந்தைக் கணக்கும்

கல்வி ஆசிரியர் வாயிலாகப் பெறத்தக்கதா, தானே முயன்று நூல்களைப் பயின்று பெறத்தக்கதா என்னும் வழக்கு மிகப் பழையது. எல்லாத் தொழில்களிலும் எழும் இவ்வழக்கு, இன்று இளைஞர் பலரை ஈர்த்து வரும் ஒரு புதுத் தொழிலில் கூர்மை பெற்று நிற்கிறது. பங்குகளையும் நாணயங்களையும் எப்பொழுது, என்ன விலைக்கு, எவ்வளவு வாங்குவது விற்பது என்பதை முன்கூட்டியே விதிகளாக வகுத்து, அவ்விதிகளைக் கணிப்பொறிக்கு ஊட்டி, மனிதக் கை படாமலே வாணிபம் நடத்தும் தொழில் அது. ஆங்கிலத்தில் அதனை அல்காரிதமிக் டிரேடிங் என்பர். தமிழில் விதிமுறை வாணிபம் எனக் குறிக்கலாம்.

பொறியாளரும் வங்கி அலுவலரும் ஆசிரியருங்கூடத் தம் வேலையை விட்டு இத்தொழிலுக்கு மாற எண்ணுகின்றனர். இதற்கெனப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற வேண்டுமா, வீட்டிலிருந்தே கற்றுக் கொண்டால் போதுமா என்பது அவர்கள் வினா. இவ்வினாவோடு தம் பழைய ஆசிரியரை நாடி வரும் மாணவரும் உளர். அவர்களுக்கு விடை கூற இத்தொழிலின் வரலாறே தக்க சான்றாகும். ஏனெனில், இதனைத் தோற்றுவித்தவர்களுள் பெரும்பாலோர் வேறு துறைகளிலிருந்து வந்து புகுந்தவர்களே.

சிங்கப்பூர் ஆமையும் சிகாகோ பந்தயமும்

1983-ஆம் ஆண்டில் சிகாகோ நகரின் புகழ்பெற்ற வாணிபர் ரிச்சர்டு டென்னிஸ் என்பவருக்கும் அவர் நண்பர் வில்லியம் எக்கார்டு என்பவருக்கும் இடையே ஒரு சொற்போர் மூண்டது. சந்தைத் திறமை கற்பிக்கத்தக்கது என்றார் டென்னிஸ். அது பிறவியில் அமைவது என்றார் எக்கார்டு. முடிவு காண விரும்பிய டென்னிஸ் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஆள் திரட்டினார். கணக்கர், விளையாட்டு வடிவமைப்பாளர் எனப் பலவகைத் தொழிலினர் தேர்ந்தெடுக்கப் பெற்றனர். சிங்கப்பூரில் தாம் கண்ட ஆமைப் பண்ணையை நினைவிற்கொண்டு, அங்கே ஆமைகளை வளர்ப்பது போல வாணிபரையும் வளர்த்துக் காட்டலாம் என்று டென்னிஸ் கூறியதனால், அம்மாணவர்களுக்கு 'ஆமைகள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

பயிற்சி இரண்டே வாரம். எப்பொழுது வாங்குவது, விலை எவ்வளவு இறங்கினால் நட்டத்தோடு வெளியேறுவது, கைப்பொருளில் எத்தனை பங்கை ஒரு முயற்சியில் ஈடுபடுத்துவது என்பன விதிகளாகக் கற்பிக்கப்பட்டன. பின்னர் டென்னிஸ் தம் பணத்தையே அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்களுட் பலர் பெரும் ஊதியம் ஈட்டினர். பந்தயத்தில் வென்றவர் டென்னிஸ் என்றே பலரும் முடிவு செய்தனர்.

எனினும், இக்கதையின் பிற்பகுதியை மறத்தலாகாது. 1987, 1988-ஆம் ஆண்டுகளில் டென்னிசே பெருநட்டம் அடைந்து, பிறர் பணத்தைக் கையாளும் பணியினின்றும் விலகினார். அவர் மாணவர்களுள்ளும் விதிகளை விடாது பின்பற்றியவரே நிலைத்தனர். விதியை இரண்டு வாரத்தில் கற்பித்துவிடலாம். அவ்விதி எக்காலத்தில் பயன்படாது போகும் என்பதை அறியும் அறிவு அத்துணை விரைவில் வருவதன்று. அவ்வறிவை வேறு துறைகளிலிருந்து கொணர்ந்தவர்களின் வரலாறு, சிகாகோப் பந்தயத்திற்கு 83 ஆண்டுகள் முன்னரே பாரிசில் தொடங்குகிறது.

பாரிசில் விழுந்த விதை

லூயி பாஷெலியே 1870-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் பிறந்தவர். தந்தையார் திராட்சை மது வாணிபர். 1889-இல் பெற்றோர் இருவரும் இறக்கவே, குடும்ப வாணிபத்தை ஏற்று நடத்தும் கடமை இளைஞரான பாஷெலியேமீது விழுந்தது. அதன்பின் படைப் பணியும் முடித்து, 1892-இல்தான் அவர் பாரிசுப் பல்கலைக் கழகம் சேர முடிந்தது. காலந்தாழ்ந்து கற்கத் தொடங்கிய அவர், 1900-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள், பெருங்கணித மேதை ஆன்றி புவான்கரேயின் முன்னிலையில் தம் டாக்டர் பட்ட ஆய்வை அளித்தார். ஆய்வின் பொருள், பங்குச் சந்தை விலைகளின் ஏற்ற இறக்கம்.

அவர் கருத்தை எளிய முறையில் இவ்வாறு விளக்கலாம். ஒரு கணத்தில் சந்தையில் நிலவும் விலை, அது ஏறும் என்று எண்ணி வாங்குவோருக்கும் இறங்கும் என்று எண்ணி விற்போருக்கும் இடையே எட்டப்பட்ட சமநிலையாகும். ஆதலின் அடுத்த கணம் அது ஏறுமா இறங்குமா என்பது நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதை ஒக்கும். ஆனால், அது எவ்வளவு தொலைவு அலையக்கூடும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அத்தொலைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளர்கிறது. நான்கு நாளில் விலை அலையும் அளவு, ஒரு நாளில் அலையும் அளவைப்போல நான்கு மடங்கு அன்று. இரு மடங்கே ஆகும். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அலைவுக்கு இதே கணக்கை ஐன்ஸ்டைன் வெளியிட்டது 1905-இல். பாஷெலியே ஐந்தாண்டு முந்தியவர்.

உலகம் அவரைப் போற்றவில்லை. ஆய்வுக்கு முதல் தரத் தகுதி வழங்கப்படவில்லை; 1927-இல், தம் 57-ஆம் வயதிலேயே அவர் நிலையான பேராசிரியப் பதவி பெற்றார். 1946-இல் மறைந்தார். 1950-களில் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் லெனர்டு சாவேஜ் அவர் எழுத்தைக் கண்டெடுத்துப் பொருளியலறிஞர்களுக்கு அஞ்சலட்டை எழுதி அறிவித்தார். 1964-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. அரை நூற்றாண்டு உறங்கிய விதை அப்பொழுதுதான் முளைவிட்டது.

பேராசிரியர் மாணவரானார்

அதே 1964-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஒருவர் பங்குச் சந்தை நூல்களைத் தாமே பயிலத் தொடங்கினார். அவர் எட்வர்டு தோர்ப். 1958-இல் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். சீட்டாட்டத்தில் வெளிவந்துவிட்ட சீட்டுகளைக் கணக்கிற்கொண்டால் ஆட்டக்காரர் விடுதியை வெல்ல முடியும் என்பதைக் கணிப்பொறியின் துணையால் மெய்ப்பித்து, 1962-இல் நூல் எழுதியவர். அக்கணக்கைப் போடுவதற்காகவே கணிப்பொறி மொழியையும் தாமே கற்றுக் கொண்டார்.

1965-இல் அவர் இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் சேர்ந்தபோது, அங்கே ஷீன் காசூப் என்னும் பொருளியலாசிரியரும் அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருத்தலைக் கண்டார். வாரண்டு எனப்படும் பத்திரங்களே இருவர்க்கும் ஆராய்ச்சிப் பொருள். ஒரு பங்கைக் குறித்த விலைக்கு, குறித்த காலத்திற்குள் வாங்கிக் கொள்ளும் உரிமையை அளிப்பது வாரண்டு. அதன் விலை பல வேளைகளில் தகுதிக்கு மிஞ்சியிருந்தது. மிகுவிலை வாரண்டை விற்று, அதற்கு ஈடாக உரிய அளவில் பங்கை வாங்கி வைத்தால், சந்தை ஏறினும் இறங்கினும் ஒன்றின் நட்டத்தை மற்றொன்றின் ஊதியம் ஈடுசெய்யும். விலைப் பிழை திருந்தும்போது ஆதாயம் கிட்டும். குடை விற்பவன் மோரும் விற்றால் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்ச வேண்டாதவாறு போன்றது இது. இருவரும் 1967-இல் இம்முறையை நூலாக வெளியிட்டனர்.

தோர்ப் 1969-இல் கூட்டாளியுடன் தொடங்கிய முதலீட்டு நிதி ஏறத்தாழ 19 ஆண்டுகள் நடைபெற்றது. ஓராண்டேனும் நட்டம் கண்டதில்லை. ஈண்டுக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. நிதி தொடங்கிய உடனே அவர் ஆசிரியப் பணியைத் துறந்துவிடவில்லை. 1982 வரை பல்கலைக் கழகப் பணியில் இருந்தார். புதுத் தொழில் வேரூன்றும் வரை, ஏறக்குறைய 13 ஆண்டுகள், பழைய தொழில் அவரைத் தாங்கி நின்றது.

இவர் காலத்தவரான பிஷர் பிளாக் இயற்பியல் பயின்று, 1964-இல் பயன்முறைக் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பொருளியலில் பட்டம் பெற்றவரல்லர். தாம் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் ஜேக் டிரெய்னர் என்பவருடன் பழகி நிதித்துறையைக் கற்றார். அவரும் மைரன் ஷோல்சும் கண்ட, விருப்ப உரிமை ஒப்பந்தங்களுக்கு விலை கணிக்கும் சூத்திரம், ஆய்விதழ்கள் முதலில் ஏற்க மறுத்த பின்னர் 1973-இல் அச்சேறியது. அவ்வாண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் சிகாகோவில் அவ்வொப்பந்தங்களுக்கென்றே தனிச் சந்தையும் திறக்கப்பட்டது. சூத்திரமும் சந்தையும் ஒரே ஆண்டில் பிறந்தன.

வரைபடக்காரர் செய்த பொறி

பாஷெலியே, தோர்ப், பிளாக் ஆகிய மூவரும் டாக்டர் பட்டம் பெற்றவர். பட்டம் இன்றி வந்தவரும் உண்டு. தாமஸ் பீட்டர்பி என்பவர் 1944-இல் புடாபெஸ்டு நகரில் பிறந்து, 1965-இல் அங்கேரியினின்றும் நியூயார்க்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலம் தெரியாது. பொறியியல் நிறுவனம் ஒன்றில் நெடுஞ்சாலைப் பணிகளுக்கு வரைபடம் வரையும் வேலை கிடைத்தது. அந்நிறுவனம் கணிப்பொறி ஒன்று வாங்கியபோது, அதனை இயக்கக் கற்றுக் கொள்ளத் தாமே முன்வந்தார். ஆங்கில மொழிக்கு அஞ்சிய அவர் கணிப்பொறி மொழிக்கு அஞ்சவில்லை.

பின்னர் நிதி நிறுவனங்களுக்குக் கணக்குத் திட்டங்கள் எழுதும் பணியில் பல்லாண்டு இருந்து, 1977-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் தமக்கென ஓர் இடம் வாங்கினார். சந்தைத் தளத்தில் கணிப்பொறிக்கு அப்பொழுது இடமில்லை. முன்னரே கணக்கிட்டு எழுதிய விலைத் தாள்களைக் கையில் ஏந்தி அவர் வாணிபம் செய்தார். 1983-இல் கையடக்கக் கணிப்பொறிகளைச் செய்து தம் ஆட்களிடம் கொடுத்தார்.

1987-இல் நிகழ்ந்ததே பெரும் புதுமை. நாஸ்டாக் என்னும் மின்னணுச் சந்தை, மனிதர் பார்த்துத் தட்டச்சுச் செய்வதற்கெனத் திரைப்பொறிகளை வழங்கியிருந்தது. பீட்டர்பி அப்பொறியின் கம்பியைத் தம் கணிப்பொறியுடன் இணைத்து, விலையைப் பொறியே படித்துப் பொறியே ஆணை அனுப்புமாறு செய்துவிட்டார். இதனைக் கண்ட சந்தை அதிகாரி, ஆணைகள் விசைப்பலகை வழியாகவே வரவேண்டும் என்று கண்டித்தார். பீட்டர்பி விதியை மீறவில்லை. விசைப்பலகையைத் தட்டும் இயந்திர விரல்களைச் செய்து அதன்மேல் பொருத்தினார்! முழுவதும் பொறியே நடத்திய வாணிபத்தின் முதல் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பீட்டர்பி பல்கலைக் கழகத்தை நாடாது கற்றவர் என்பது உண்மை. எனினும், அவர் முதன்முதலில் கணிப்பொறியைத் தொட்டதற்கும் சந்தையில் இடம் வாங்கியதற்கும் இடையே ஏறக்குறையப் பத்தாண்டுகள் உருண்டோடின. அக்காலமெல்லாம் அவர் பிறரிடம் ஊதியம் பெற்றுக் கொண்டே தொழில் கற்றார். தாமே கற்றல் என்பது தனித்துக் கற்றல் அன்று.

மறைமொழி அறிந்த கணித மேதை

இவ்வரலாற்றில் மிகப் புகழ்பெற்றவர் ஜேம்ஸ் சைமன்ஸ். 1938-இல் பிறந்து 2024-இல் மறைந்த அவர், 23-ஆம் வயதில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்க அரசின் பொருட்டு மறைமொழிச் செய்திகளின் பூட்டவிழ்க்கும் ஆய்வுக் கழகத்தில் 1964 முதல் பணியாற்றினார். வியட்நாம் போரை எதிர்த்து வெளிப்படையாகப் பேசியதனால் 1968-இல் அவ்வேலையை இழந்தார். பின்னர் ஸ்டோனி புரூக் பல்கலைக் கழகத்தில் கணிதத் துறைத் தலைவரானார். 1974-இல் சீனப் பெரும் கணித அறிஞர் செர்னுடன் இணைந்து எழுதிய ஆய்வு, பிற்காலத்து இயற்பியலிலும் பெரிதும் பயன்பட்டது. 1978-இல், தம் நாற்பதாம் வயதில், கல்லூரியை விட்டுச் சந்தைக்கு வந்தார்.

வந்தவுடன் வெற்றி பெற்றார் என்று எண்ணுதல் தவறு. முதற் சில ஆண்டுகள் செய்தித்தாள் பார்த்தும் மதிப்பிட்டுமே அவர் நாணய வாணிபம் செய்தார். ஊதியமும் நட்டமும் மாறி மாறி வந்தன. 1988-இல் தொடங்கிய மெடாலியன் நிதியும் அடுத்த ஆண்டே நட்டம் கண்டது. அப்பொழுது வாணிபத்தை நிறுத்தி வைத்து, பெர்க்லியின் கணிதப் பேராசிரியர் எல்வின் பெர்லகாம்பு தலைமையில் முறை முழுவதையும் மாற்றியமைத்தனர். நெடுநாள் காத்திருக்கும் வாணிபத்தை விடுத்து, சிறிய ஆதாயத்தைப் பன்முறை பெறும் குறுங்கால வாணிபத்தை மேற்கொண்டனர். 1990-இல் நிதி 55 விழுக்காடு வளர்ந்தது.

1993-இல் ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் என்னும் இருவர் வந்து சேர்ந்தனர். இவர்கள் மனிதப் பேச்சைக் கணிப்பொறிக்குப் புரிய வைக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர்கள். தமிழாசிரியர்க்கு இத்தொடர்பு வியப்பளிக்காது. 'கரும்பு தின்னக்' என்று ஒருவர் தொடங்கினால், அடுத்த சொல் காதில் தெளிவாக விழாவிடினும் 'கூலியா' என்று மனம் நிரப்பிக் கொள்கிறதன்றோ? முன் வந்த சொற்களைக் கொண்டு பின் வரும் சொல்லுக்கு நிகழ்தகவு கணிக்கும் அதே முறை, முன் வந்த விலைகளைக் கொண்டு பின் வரும் விலைக்கு மதிப்புக் காணவும் உதவிற்று. சைமன்சின் நிறுவனம் பங்குச் சந்தையில் பழகியவர்களை நாடவில்லை. கணிதம், இயற்பியல், கணிப்பொறியியல் வல்லாரையே நாடியது. 2004-இல், பள்ளிக் கணித ஆசிரியர்களுக்கு ஊக்கமளிக்கவென்றே சைமன்ஸ் ஓர் அமைப்பை நிறுவியதும் ஆசிரியர்கள் அறியத்தக்கது.

பள்ளிகள் தோன்றின

1970-களில் அமெரிக்கப் பல்கலைக் கழகங்களில் இயற்பியலாளர்க்கு வேலை அருகியது. துகள் இயற்பியலில் 1973-இல் டாக்டர் பட்டம் பெற்ற இமானுவெல் டெர்மன், பல இடங்களில் பணியாற்றியபின் 1985-இல் கோல்டுமன் சாக்ஸ் நிறுவனம் சேர்ந்து பிஷர் பிளாக்குடன் பணிபுரிந்தார். டெக்சசில் கட்டப்பட்டு வந்த மாபெரும் துகள்முடுக்கித் திட்டத்தை 1993-இல் அமெரிக்கப் பாராளுமன்றம் கைவிட்டபோது, மேலும் பல இயற்பியலாளர் நிதித்துறைக்கு வந்தனர்.

இங்ஙனம் தனித்தனியே வந்தவர்கள் கற்றவையே பின்னர்ப் பாடத்திட்டமாயின. பாரிசில் 1990-இல் நிகழ்தகவும் நிதியும் இணைந்த மேற்படிப்பு தொடங்கிற்று. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக் கழகம் 1994-இல் கணிப்பு நிதியியல் முதுநிலைப் பட்டத்தை ஏற்படுத்தியது. டெர்மனும் பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் இப்பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியரானார். இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக் கழகத்திலும் நன்யாங்குப் பல்கலைக் கழகத்திலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது. ஆகவே, தாமே கற்றோர் வெட்டிய ஒற்றையடிப் பாதையே பிற்காலத்தில் பள்ளியின் பெருவழியாயிற்று.

கரை உடைந்த காலங்கள்

பட்டமும் புகழும் நட்டத்தைத் தடுத்துவிடுமா? 1994-இல் தொடங்கிய லாங் டெர்ம் கேப்பிடல் மேனேஜ்மெண்டு நிறுவனத்தில் மைரன் ஷோல்சும் ராபர்ட் மெர்ட்டனும் பங்காளிகள். இருவரும் 1997-இல் நோபல் பரிசு பெற்றனர். அடுத்த ஆண்டே ரஷ்யா கடனைத் திருப்பித் தரத் தவறியதால் சந்தைகள் குலைந்தன; நிறுவனம் சில திங்களில் ஏறத்தாழ 460 கோடி டாலர் இழந்தது. 14 நிதி நிறுவனங்கள் கூடி 360 கோடி டாலர் இட்டு அதனைத் தாங்க நேர்ந்தது. சூத்திரம் பொய்க்கவில்லை, கடந்த காலத்தைப் போலவே எதிர்காலமும் இருக்கும் என்ற நம்பிக்கையும், அந்நம்பிக்கையின்மேல் வாங்கிய பெருங்கடனுமே பொய்த்தன.

பொறியின் வேகமும் தீங்காகலாம். 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், நைட் கேப்பிடல் நிறுவனத்தின் கணிப்பொறிகளுள் புதிய திட்டம் சரிவர ஏற்றப்படாததால் தவறான ஆணைகள் வெள்ளமெனப் பாய்ந்தன. ஏறக்குறைய 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் போயிற்று.

சிறு வாணிபர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எதிர்கால விலை ஒப்பந்தங்களிலும் விருப்ப உரிமை ஒப்பந்தங்களிலும் ஈடுபட்ட தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் மூன்று நிதியாண்டுகளில் நட்டமே அடைந்தனர். நட்டத்தின் கூட்டுத்தொகை 1.8 இலட்சம் கோடி ரூபாய். அதே சந்தையில் வெளிநாட்டு நிறுவனங்களும் தரகு நிறுவனங்களும் ஈட்டிய ஊதியத்தில் முறையே 97, 96 விழுக்காடு விதிமுறை வாணிபத்தால் வந்தது. சில வார வகுப்பில் கற்றுவிட்டு இச்சந்தையில் நுழைபவர், யாரை எதிர்த்து நிற்கிறார் என்பது இக்கணக்கால் தெளிவாகும்.

வரலாறு உரைப்பது

எனவே, பட்டமா தன்முயற்சியா என்னும் வினாவே சற்றுத் திருத்தப்பட வேண்டியதாகும். இத்தொழிலில் வென்றோர் அனைவரும் சந்தையைத் தாமே கற்றனர். ஆனால், வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் கணிதத்தையும், ஒருவர் இயற்பியலையும், ஒருவர் கணிப்பொறி இயக்கும் பயிற்சியையும் ஆழக் கற்றுக் கொண்டு வந்தனர். தோர்ப்பிற்குக் காசூப்பும், பிளாக்கிற்கு டிரெய்னரும், சைமன்சிற்குப் பெர்லகாம்பும் வாய்த்தது போல, ஒவ்வொருவர்க்கும் தம் பிழையை எடுத்துக்காட்டவல்ல துணைவர் இருந்தனர். புதுத் தொழில் நிலைபெறும் வரை பழைய தொழிலையோ பிறர் தரும் ஊதியத்தையோ கைவிடாது காத்தவரும் அவர்களுள் இருந்தனர்.

பள்ளி இப்பயணத்தின் தொலைவைக் குறைக்கிறது. பத்தாண்டில் திரட்டிய அறிவை ஈராண்டில் வரிசைப்படுத்தித் தருகிறது. தன்முயற்சி பயணத்தின் செலவைக் குறைக்கிறது. ஆயின், தம் கருத்து பிழையாக இருக்கலாம் என்று ஐயுற்று, அதனைப் பழைய கணக்குகளோடு பலகால் ஒத்துப் பார்த்து, பொய்யெனக் கண்டால் வருந்தாமல் விட்டுவிடும் மனப்பழக்கத்தை இரண்டில் எதுவும் தானாகவே தந்துவிடாது. அப்பழக்கம் எந்தப் பாடத்தையும் மெய்யாகக் கற்பதனால் வருவது. விடையை எழுதிய பின்னும் அதனைத் திருப்பிச் சரிபார்க்குமாறு மாணவனை வற்புறுத்தும் தொடக்கப் பள்ளிக் கணக்காசிரியரே அதற்கு வித்திடுகிறார். வேலையைத் துறந்து சந்தை புக விரும்பும் மாணவன் வந்து கேட்டால், எந்தப் படிப்பில் சேரலாம் என்று கூறுமுன், இதுவரை எதனை ஆழக் கற்றாய், உன் கணக்கைப் பிழையென்று சொல்லக்கூடியவர் யார், ஊதியமின்றி எத்தனை ஆண்டு தாங்குவாய் என்னும் மூன்று வினாக்களை அவனிடம் எழுப்புதல் நலம். மூன்றிற்கும் விடையுடையவன் எவ்வழியில் சென்றாலும் கரை காண இடமுண்டு. விடையில்லாதவன் இப்பொழுதுள்ள வேலையிலிருந்தே அவ்விடைகளைத் தேடத் தொடங்கலாம்.